ஒரு சொடக்குக்கு ஒரு ரூபாய்

அன்றைக்கு அந்த உப்பளக் கொட்டகையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். பிசியோதெரபிஸ்ட் வசந்தா மேடம். தோள் இறுகிப்போன உப்பளத் தொழிலாளி கன்னியப்பன். அவர் மனைவி அஞ்சலை. மேஸ்திரி கோதண்டம். கன்னியப்பனின் இடம் காலியானால் அதில் நுழைந்துவிடலாம் என்று புது லுங்கி கட்டிக்கொண்டு வந்து நின்ற மேஸ்திரியின் மச்சான் முருகையன். அப்புறம் மேடத்தின் உதவியாளர் ஏழுமலை, அதாவது நான். கூரைமேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கு மரக்காணத்தில் போய் விசாரித்தால் அன்றைக்கு அங்கே இருந்ததாக நாற்பது பேராவது சொல்வார்கள். அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகச் சொல்கிறவர்களில் இரண்டு பேர் அந்த வருஷம் ஊரிலேயே இல்லை. எல்லாரும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி சொல்வார்கள்: அந்தச் சத்தத்தை எடுத்தது ஏழுமலை. அது தப்பு. அதைத் திருத்தாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் உடம்பு வாகு அப்படி.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கிற ஒரு பெண் போன மாதம் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருவர் இன்னொருவர் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார். பக்கத்திலேயே மைக் வைத்திருக்கிறார்கள். படபடவென்று சத்தம். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்களாம். "அண்ணா, நீங்க அந்தக் காலத்துலயே இந்த மாதிரி சொடக்கு எடுப்பீங்களாமே, உண்மையா?" என்று கேட்டாள். இருபது வருஷம் கழித்து யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். இல்லை, அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பரீட்சைக்கு முந்தின நாள் ஜுரம் வரும்; பரீட்சை முடிந்ததும் போய்விடும். எட்டாவதில் ஜுரம் கொஞ்சம் முன்னாலேயே வந்து, பள்ளிக்கூடம் மூடும்வரை இருந்தது. அதற்கப்புறம் ஐஸ் கம்பெனி, லாரி ஷெட், கல்யாண மண்டபம் என்று எத்தனையோ வேலை. சுனாமி வந்த அடுத்த வருஷம், 2005 தொடக்கத்தில், ஒரு தொண்டு நிறுவனம் மரக்காணத்தில் வாடகைக்கு ஒரு ஹால் எடுத்து கை கால் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தர ஆரம்பித்தது. அங்கே பெருக்கவும் கட்டில் தூக்கவும் ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன்.

மேடம் விழுப்புரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. மூக்குக்கண்ணாடி. யாராவது 'டாக்டரம்மா' என்றால், "நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தால் முப்பது தடவை சொல்வார். ஒரு தடவை சொல்லாமல் விட்டால்கூட அது பொய் சொன்னதாகிவிடும் என்பது அவர் கொள்கை. கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குக் கத்தினாலே தேவலை.

சேர்ந்த இரண்டாம் வாரம், கட்டில் காலில் மோதி அவர் முழங்கை வலித்தபோது நான் பயத்தில் பிடித்துவிட்டேன். "கையை எடுக்காதே" என்றார். "கை சூடா, காய்ஞ்சு இருக்கு. வேர்க்கலை. நல்ல கை" என்றார். மறுநாளிலிருந்து துடைப்பம் போய்ப் பாடம் வந்தது.

பாடம் என்றால் புத்தகம் இல்லை, நல்ல வேளை. முதலில் தராசு. கட்டைவிரலால் தராசுத் தட்டை அழுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிலோ என்று நினைத்து அழுத்தினால் முள் இரண்டில் நிற்க வேண்டும். மூன்றுக்குப் போனால் நோயாளிக்குக் காயம், ஒன்றில் நின்றால் நேரம் வீண். ஹாலுக்கு எதிரே இருந்த மளிகைக் கடைத் தராசில்தான் பழகினேன். கடைக்காரர், "இன்னா வேணும்பா?" என்பார். "ஒன்னும் வேணாங்க, ரெண்டு கிலோ அழுத்திட்டுப் போறேன்" என்பேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "ஏம்பா, தெனமும் வந்து காத்தையே எடை போட்டுனு போறியே, ஒரு பாக்கெட் பிஸ்கட்டாவது வாங்கேன்" என்றார். வாங்கினேன்.

அப்புறம் குறுக்குத் தேய்ப்பு. அடிபட்ட தசைநாரின் மேல் விரலை வைத்து நாருக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் சுகம், குறுக்கே தேய்த்தால் குணம் என்பார் மேடம். விரலும் தோலும் சேர்ந்து நகர வேண்டும். விரல் வழுக்கக்கூடாது என்பதால் எண்ணெய் கிடையாது. இதில்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதல் மனத்தாங்கல். "எண்ண கூட இல்லாம இன்னாம்மா வைத்தியம்?" என்று வீட்டிலிருந்தே பாட்டிலோடு வருவார்கள். மேடம் பாட்டிலை வாங்கி, பெயர் எழுதி, அலமாரியில் வைத்து, போகும்போது திருப்பிக் கொடுப்பார்.

மூன்றாவது, மூட்டு நகர்த்தல். தோள் என்பது ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிற பந்து. தோள் இறுகியவரைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, இன்னொரு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் இருக்கிற கவட்டைப் பந்தின் மேல் வைத்து, கால் பக்கமாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். அழுத்தம் இவ்வளவுண்டுதான். வெளியே இருந்து பார்த்தால் நோயாளி தூங்குகிற மாதிரியும் நான் அவரை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரியும் இருக்கும். முப்பது எண்ணிக்கை, ஓய்வு, மறுபடியும் முப்பது. முடிந்ததும் மேடம் பெரிய பாகைமானி மாதிரி ஒரு கருவியைத் தோளில் வைத்து, கை எத்தனை டிகிரி தூக்குகிறது என்று எழுதுவார். நேற்று எழுபத்தெட்டு, இன்றைக்கு எண்பது. அந்த இரண்டு டிகிரிக்கு அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

நோயாளிக்குச் சந்தோஷம் கிடையாது. ஏனென்றால் சத்தம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் சுளுக்கு எடுக்கிறவர் கையைப் பிடித்து இழுத்தால் 'சொடக்' என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் எலும்பு இடத்தில் உட்கார்ந்ததாக அர்த்தம். காசு கொடுப்பதே அந்தச் சத்தத்துக்குத்தான். பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மா நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மேடத்திடம் கேட்டே விட்டார்.

"ஏம்மா, நீங்க காலால பொறந்தவங்களா?"

"என்னது?"

"தல வெளிய வராம கால் மொதல்ல வந்து பொறந்தவங்களான்னு கேக்கறேன். அவங்க மிதிச்சாதான் சுளுக்கு போவும். இல்லன்னா தம்பி பொறந்திருக்குதா?"

நான் தலையால் பிறந்தவன்தான் என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன். அந்த அம்மா மறுநாள் வரவில்லை. அந்த வாரம் இன்னும் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆள் வராவிட்டால் ஹாலை மூடுவார்கள், மூடினால் நான் மறுபடியும் ஐஸ் கம்பெனி, ஐஸ் கம்பெனியில் என் கைச்சூடு போய்விடும், கைச்சூடு போனால் அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது. இவ்வளவையும் ஒரு டீ குடிப்பதற்குள் யோசித்துவிட்டேன்.

முதல் சொடக்கு தற்செயலாகத்தான் வந்தது. ஒரு வலைக்காரரின் தோளை அழுத்திக்கொண்டிருந்தேன். என் கவலைக்கு ஒரு பழக்கம் உண்டு, விரலை நெட்டி முறிப்பது. துண்டுக்கு அடியில் இருந்த என் நடுவிரல் அது பாட்டுக்கு 'சொடக்' என்றது. அவர் கண்ணைத் திறந்தார். "வந்துச்சு!" என்றார். எழுந்து கையைச் சுழற்றினார். "இத்தினி நாளு இன்னாத்துக்குய்யா உள்ளயே வெச்சிருந்த?" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் அவரே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் செய்த வேலை முழுக்க உண்மை. அழுத்தம் உண்மை, முப்பது எண்ணிக்கை உண்மை, டிகிரி உண்மை. சத்தம் மட்டும்தான் என்னுடையது. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஓட்டினேன். மேடம் ஹாலின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். நடுவில் திரைச்சீலை.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு விரலில் ஒரு தடவை சொடக்கு எடுத்துவிட்டால் அந்த விரல் மறுபடியும் பேச அரை மணி நேரம் ஆகும். எனக்குக் கட்டைவிரல் இரண்டும் பேசாது. ஆக மொத்தம் எட்டு. அரை மணிக்கு எட்டுப் பேருக்கு மேல் வந்தால் நான் திவால். அதனால் வயதானவர்களுக்கு மோதிரவிரல், சந்தேகப்படுகிறவர்களுக்கு நடுவிரல் (அதற்குத்தான் கனமான சத்தம்), சும்மா தசைப்பிடிப்புக்குச் சுண்டுவிரல் என்று பங்கீடு வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, ரொம்ப சொடக்கு எடுத்தால் விரல் வீங்கி வளைந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்தார்கள். பயந்துபோய் ஒவ்வொரு சொடக்குக்கும் காலண்டர் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு வந்தேன்.

கன்னியப்பன் அக்டோபரில் வந்தார். மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. பொங்கல் முடிந்துதான் பாத்திகளை மறுபடியும் கட்டுவார்கள். அந்த ஓய்வில்தான் உப்பளத்துக்காரர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வார்கள். சீசன் முடிகிற நேரத்தில் வரப்பு வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கை மார்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. அறுபத்தைந்து டிகிரி.

"மேஸ்திரி கோதண்டத்துகிட்ட ஒரு சட்டம் இருக்குதுங்க" என்றார் அஞ்சலை. வலி கன்னியப்பனுக்கு, பேச்சு அஞ்சலைக்கு. "சீசன் முடிஞ்சா அவனவன் உப்பு வார்ற காம்புப் பலகைய அவனவனே கொட்டாய் உத்தரத்து மேல சொருவிட்டு வரணும். பொங்கல் களிச்சி அவனவனே எட்டி எறக்கணும். பொண்டாட்டி எறக்கக் கூடாது, புள்ள எறக்கக் கூடாது. எறக்க முடியலன்னா அந்தப் பாத்தி வேற ஆளுக்கு. போனது போனதுதான், திரும்பி வராது. இவரு போன சீசன் எடது கையால தட்டுத்தடுமாறி ஏத்திட்டாரு. எறக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும். அத்தினி நீளம், அத்தினி கனம்."

"மேஸ்திரியோட மச்சான் இப்பவே என் பாத்தி வரப்புல வந்து குந்திக்கினு பீடி குடிக்கிறான்" என்றார் கன்னியப்பன். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

பதினான்கு வருஷமாக அவர் வாரிய பாத்திகள். அது போனால் வீட்டில் உலை இல்லை. எனக்கு அவருடைய கவலை தொற்றிக்கொண்டது. அவருக்கு மட்டும் தினம் இரண்டு சொடக்கு, இரண்டுமே நடுவிரல். நவம்பர் நடுவில் அவர் கை எண்பத்தைந்துக்கு வந்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"கவலப்படாதண்ணே. பெரிய சொடக்கு ஒன்னே ஒன்னுதான் பாக்கி. அது வந்துச்சுன்னா கை தானா மேல போயிடும்."

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் ஒரு மீனவக் குப்பத்தில் முகாம். பதினேழு பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் என் வரிசையில்தான் நின்றார்கள். மேடத்தின் வரிசையில் ஒரு ஆடு மட்டும் நின்றது. எட்டுப் பேருக்கு எட்டு விரல் சரியாகப் போனது. ஒன்பதாவது ஆளுக்குக் கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி எடுத்தேன். பத்தாவதுக்கு இன்னொரு கால். மிச்சம் ஏழு பேர். எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. வேர்க்காத கை என்று பேர் வாங்கிய கை.

குப்பத்தைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு. சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் ஒரு பிடி காய்ந்த குச்சி ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சுண்டுவிரல் தடிமன் போதும் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. மீன் விற்கிற பட்டம்மாளின் தோளில் துண்டைப் போட்டு, அடியில் குச்சியை வைத்து ஒடித்தேன். பட்டாசு மாதிரி வெடித்தது.

"ஐயோ! எலும்ப ஒடச்சிட்டான்! கடங்காரன் என் கைய ஒடச்சிட்டான்!"

குப்பமே திரண்டுவிட்டது. மேடம் ஓடி வந்து துண்டை எடுத்தார். துண்டிலிருந்து இரண்டு துண்டாகச் சவுக்குக் குச்சி விழுந்தது. பட்டம்மாள் அதைப் பார்த்தார். "ஏண்டிம்மா, எனுக்குள்ள குச்சியா இருந்துச்சு?" என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

குச்சி எப்படியோ துண்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்துகொண்டது. மேடம் அப்படி முடிவு செய்யவில்லை. ஹாலுக்குத் திரும்பியதும் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், அழுதுகொண்டே, எந்த விரல் எந்த வியாதிக்கு என்பது உட்பட.

மேடம் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்தார். "எத்தனை?" என்றார்.

"என்ன மேடம்?"

"எத்தனை பேருக்கு இந்த மாதிரி சத்தம் எடுத்தே?"

காலண்டரைத் திருப்பிக் காட்டினேன். கோடுகளை ஐந்து ஐந்தாக எண்ணினார். முந்நூற்று நாற்பது. குச்சியையும் சேர்த்து.

"பொய்க்குக் கணக்கு வெச்ச ஒரே ஆளு நீதான்" என்றார். அலமாரியிலிருந்து ஒரு காலிப் பவுடர் டப்பாவை எடுத்து மூடியில் ஓட்டை போட்டார். "ஒரு சொடக்குக்கு ஒரு ரூபாய். முந்நூத்தி நாப்பது. இந்தக் காசுல பேண்டேஜ் வாங்குவோம். இனிமே ஒரு சத்தம் வந்துச்சுன்னா நீ துடைப்பத்துக்கே போயிடலாம்."

"தவணையில கட்டலாமா மேடம்?"

கண்ணாடி மறுபடியும் கழன்றது. ஆனாலும் மாதம் பத்து ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மேடம் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்கினார். சத்தம் வேறு, சரியாவது வேறு. சத்தம் இல்லாமலேயே மூட்டு இளகும். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். வெளியே போய், "பாவம், அந்தம்மாவுக்கு எடுக்க வரல. அதான் ஏழுமலையையும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பொறாம" என்றார்கள்.

கன்னியப்பன்தான் கஷ்டமான கேஸ். அவரை மேடமே எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று முழங்கையைத் தாங்குவேன். வாரம் ஆறு நாள். பந்தைக் கீழே நகர்த்துவது, பின்னால் நகர்த்துவது, தோள்பட்டை எலும்பைப் பிடித்துச் சுழற்றுவது, அக்குளுக்குள் விரல் விட்டு இறுகிய தசையை இளக்குவது. டிசம்பர் முடிவில், படுக்க வைத்து மேடம் தூக்கினால் கை நூற்றைம்பது டிகிரி போனது. வலியில்லாமல். உத்தரத்துக்கு நூற்று நாற்பதே போதும். கணக்குப் போட்டு, கொட்டகைக்குப் போய் டேப் பிடித்து அளந்து வந்தது நான்தான்.

ஆனால் எழுந்து நின்று தானாகத் தூக்கச் சொன்னால் தொண்ணூறில் நின்றுவிடும். தோள் உயரம். அதற்குமேல் ஒரு மயிரிழை போகாது.

"தூக்குங்க கன்னியப்பன். வலிக்குதா?"

"வலி இல்லம்மா."

"அப்போ தூக்குங்க."

"எப்படிம்மா? அந்தப் பெரிய சொடக்குதான் இன்னும் வரலியே. அது வராம தூக்குனா பிச்சிக்கும். ஏழுமல சொல்லிக்கீறாரு."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. நான் செத்தேன்.

அன்றைக்கே கன்னியப்பன் பின்னால் ஓடி, பஸ் ஸ்டாண்டில் பிடித்து, உண்மையைச் சொன்னேன். "அண்ணே, பெரிய சொடக்குன்னு ஒன்னு இல்லண்ணே. இதுவரைக்கும் வந்த சொடக்கெல்லாம் என் விரல்ண்ணே. இதோ பாரு" என்று நடுவிரலை எடுத்துக் காட்டினேன். கவலையில் ஓடி வரும்போதே எடுத்துவிட்டிருந்தேன் போலிருக்கிறது. சத்தம் வரவில்லை.

கன்னியப்பன் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம் திட்டுனதால இப்டிச் சொல்ற. புரியுதுப்பா. உன் பொழப்பும் முக்கியந்தான?" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

பொங்கல் முடிந்து, பலகை இறக்குகிற நாள் வந்தது. மேடம், "நானும் வர்றேன். சும்மா பாக்கத்தான்" என்றார். உப்பள வரப்பில் அவருக்கு நடந்து பழக்கமில்லை. பாதி வழியில் ஒரு செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தார், விட்டுவிட்டார். ஒற்றைச் செருப்போடு நடந்தார். பின்னால் நான். கொட்டகை வருகிறவரை என் கை சும்மா இருக்கவில்லை. எட்டு விரலையும் ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டே போனேன். கன்னியப்பன் பாத்தி போனால் அதற்கு நான்தான் காரணம் என்பது ஒவ்வொரு சொடக்கிலும் கேட்டது.

மற்றவர்கள் எல்லாரும் காலையிலேயே இறக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். உத்தரத்தில் ஒரே ஒரு பலகை. கீழே கன்னியப்பன். ஓரத்தில் முருகையன், புது லுங்கியில், பீடி இல்லாமல் மரியாதையாக நின்றான்.

"இன்னா கன்னியப்பா, எறக்கறியா?" என்றார் மேஸ்திரி.

கன்னியப்பன் இரண்டு கையையும் தூக்கினார். இடது கை உத்தரத்தைத் தொட்டது. வலது கை தோள் உயரத்தில் நின்றது.

"வுடு கன்னியப்பா. உன்னால ஆவல. முருகையா…"

"தே, ஒரு நிமிசம் இரு!" என்று அஞ்சலை முன்னால் வந்தார். "பதினாலு வருசம் ஒனக்கு வாரிக் குடுத்த கை அது. ஒரு நிமிசம் நிக்கறதுக்கு ஒன் மச்சானுக்கு லுங்கி கசங்கிடுமா?"

முருகையன் லுங்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

மேடம் கன்னியப்பனின் பக்கத்தில் போனார். வலது கையின் கவட்டைத் தோளின்மேல் வைத்தார், இடது கையை அக்குளில் கொடுத்தார். "நான் தாங்கறேன். தூக்குங்க" என்றார். கை அசையவில்லை. மேடம் என் பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏழுமலை. எடு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்ப முடியவில்லை. முப்பது தடவை 'நான் டாக்டர் இல்லை' என்று சொல்கிற மேடம். நான் பக்கத்தில் போய்க் கன்னியப்பனின் முதுகுப் பக்கமாகக் கையை வைத்து நடுவிரலை மடக்கினேன். ஒன்றும் இல்லை. மோதிரவிரல். இல்லை. ஆள்காட்டி. சுண்டுவிரல். இன்னொரு கை. எட்டும் ஊமை. வரப்பிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன். கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றினேன். அடியில் ஈரம், அது சறுக்கியது. மேடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடம் கண்ணை மூடினார். எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று, வழக்கம்போல, நிதானமாக. பன்னிரண்டு எண்ணும்போது அக்குளில் இருந்த அவர் கை லேசாக மடங்கியதைப் பார்த்தேன்.

சொடக்.

அப்படி ஒரு சத்தத்தை என் நடுவிரல் வாழ்நாளில் எடுத்ததில்லை. கூரைமேல் இருந்த காக்கா பறந்தது.

"வந்துச்சு!" என்று கத்தினார் கன்னியப்பன். கை போனது. தொண்ணூறு, நூறு, நூற்று முப்பது, அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. பலகையின் காம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பலகையோடு ஒரு சீசன் தூசியும், ஒரு பழைய குருவிக் கூடும், யாரோ மறந்து வைத்த வெற்றிலைப் பையும் இறங்கி, எல்லாம் சேர்ந்து முருகையனின் புது லுங்கியில் கொட்டின. மேஸ்திரி வெற்றிலைப் பையை எடுத்துத் தட்டினார். "என்துதான். போன வருசம் காணோம்னு தேடுனேன்" என்றார். பிறகு கன்னியப்பனைப் பார்த்து, "இன்னாடா நிக்கற? பாத்தி காயுது, போ" என்றார்.

அஞ்சலை மேடத்தைத் தாண்டிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அண்ணே, நீ சொன்ன மாதிரியே வந்துச்சு அண்ணே." நான் வாயைத் திறந்தேன். மேடம் லேசாகத் தலையை அசைத்தார். மூடிக்கொண்டேன்.

மேடம் ஹாலுக்கு வந்து, சேற்றுக் காலைக் கழுவி, கைப்பையைத் திறந்து, ஒரு ரூபாய் எடுத்துப் பவுடர் டப்பாவில் போட்டார். டங் என்றது.

"மேடம், நீங்களுமா?"

"எட்டாங்கிளாஸ்ல இருந்து. எனக்கு ஒரே ஒரு விரல்தான் வரும்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சிரித்துவிட்டார். "சத்தம் உன் பேர்லயே இருக்கட்டும், ஏழுமலை. ஃபைன் மட்டும் என் பேர்ல."

கன்னியப்பன் அந்த சீசன் முழுக்க வாரினார். மாதம் ஒரு தடவை வந்து அளவு காட்டிவிட்டுப் போவார். கடைசியாக எழுதியது நூற்று அறுபத்தெட்டு. சத்தத்தால் அவர் கை மேலே போகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதம் மேடம் ஒவ்வொரு டிகிரியாக இளக்கி வைத்த கை அது. பூட்டியிருந்தது கன்னியப்பனின் பயம்; அந்தப் பூட்டைப் போட்டது நான். இதைத்தான் அந்தச் செல்போன் பெண்ணிடம் சொன்னேன். "அப்போ சத்தம் எடுக்கலாமா கூடாதா அண்ணா?" என்றாள். "எடுக்கலாம், ஒரு ரூபாய் ஆவும்" என்றேன்.

2006 கடைசியில் ஹாலை மூடினார்கள். நான் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். மேடம் வேறு மாநிலம் போய்விட்டார். போகும்போது பாகைமானியையும் அந்தப் பவுடர் டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டார். பொங்கல் தோறும் போன் செய்வார். நலம் விசாரிக்க மாட்டார், "விரல் எப்படி இருக்கு?" என்று கேட்பார். மிச்சத்தை மணியார்டரில் அனுப்பட்டுமா என்று பல தடவை கேட்டேன். இப்போது செல்போனிலேயே அனுப்பலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் செல்லாதாம், நேரில் வந்து டப்பாவில் சத்தம் கேட்கப் போட வேண்டுமாம்.

மாதம் பத்து வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினேன். மேடம் தன்னுடையதை அன்றைக்கே கட்டிவிட்டார். என் பேரில் பாக்கி இருநூற்று இருபது ரூபாய்.